கல்லாற்றுப் பாறையிலிருந்து கேம் பாய் வரை

இந்த வாரம் வட்டி, வைப்புநிதி, வீட்டுக்கடன் எதுவும் கிடையாது. வீடியோ கேம்! "பேங்க் ஆபீசர், நாப்பத்தஞ்சு வயசு, இவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். அங்கே இருப்பது நம்மைப் போல ஊரை விட்டு வந்த எல்லார் வீட்டிலும் ஓடுகிற பேச்சுதான். மற்றவர்கள் மெதுவாக வாருங்கள், கொஞ்சம் சரித்திரம் பார்த்துவிட்டுப் போகலாம்.

நான் சொல்லப்போவது 2003ல் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ் அட்வான்ஸ்' பற்றி. நீளமான பேர், இனிமேல் 'டாக்டிக்ஸ்' என்றே சொல்கிறேன். ஓடிப்போய்ச் சுடுகிற ஆட்டம் இல்லை இது. கட்டம் போட்ட களம். உங்கள் பக்கம் ஆறு பேர் வரை, எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம். முறை வைத்து ஒவ்வொருவராக நகர வேண்டும். வில்காரனை மேட்டில் நிறுத்தலாமா, வைத்தியம் பார்ப்பவளைப் பின்னால் ஒளித்து வைக்கலாமா என்று யோசித்து யோசித்து ஆட வேண்டும். ஜெயிக்க ஜெயிக்க ஆட்களுக்கு அனுபவம் ஏறும், புது வித்தை வரும். சுருக்கமாகச் சொன்னால், காய்களுக்குப் பேரும் ஊரும் சர்வீஸ் ரிக்கார்டும் இருக்கிற சதுரங்கம்.

பாட்டன் நம்ம ஊர்க்காரர்

சதுரங்கம் என்று சும்மா சொல்லவில்லை. இந்த வகை ஆட்டத்தின் வம்சாவளியைத் தோண்டினால் வேர் நம்ம பக்கம்தான் வந்து நிற்கிறது. சதுரங்கம் என்றால் நான்கு அங்கம்: தேர், யானை, குதிரை, காலாள். ஒரு படையை அப்படியே பலகையில் இறக்கிவிட்டார்கள். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வட இந்தியாவில் உருவாகி, பாரசீகம் போய் 'சத்ரங்' ஆகி, அரபிகளிடம் 'ஷத்ரஞ்ச்' ஆகி ஐரோப்பாவுக்குப் போனது. நம்ம திருவாரூர் மாவட்டத்துப் பூவனூரில் சாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்றுதான் பேர். ராஜாவின் மகளைச் சதுரங்கத்தில் ஜெயித்து சிவன் கல்யாணம் செய்துகொண்டார் என்பது அந்தக் கோயில் கதை. 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பலருக்கும் அந்தக் கோயில் ஞாபகம் வந்தது. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் தெரிந்த கதைதான்.

தெரியாத கதை, அதே சதுரங்கம் எப்படி வீடியோ கேம் ஆயிற்று என்பது. 1780ல் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் ஹெல்விக் என்றொரு கணக்கு வாத்தியார். பையன்களுக்குப் போர்முறை சொல்லிக்கொடுக்க சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள், மலைக்கு ஒரு நிறம், தண்ணீருக்கு ஒரு நிறம். 1824ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி கட்டங்களையே தூக்கிவிட்டு நிஜ வரைபடம், பகடை, நடுவர் என்று மாற்றினார். பிரஷ்ய ராணுவம் அதைப் பயிற்சிக்கே எடுத்துக்கொண்டது. நடுவர் என்ற இந்த ஆளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

பொம்மைப் படை வைத்து ஆடும் இந்தப் பழக்கம் அமெரிக்காவில் சனி ஞாயிறு பொழுதுபோக்காக இருந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டார்கள். படைக்குப் பதில் தனி மனிதன். அவனுக்கு பலம் இத்தனை, அறிவு இத்தனை, அனுபவம் இத்தனை என்று மார்க். இந்த கைகாக்ஸ் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டர்! மனிதனை நம்பராக மாற்றி ரிஸ்க் பார்க்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று எங்கள் தொழில்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? :-)

அங்கிருந்து கம்ப்யூட்டர், அங்கிருந்து ஜப்பான். 1986ல் 'டிராகன் குவெஸ்ட்' ஜப்பானையே கட்டிப்போட்டது. 1990 ஏப்ரலில் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் கம்பெனியின் ஷோசோ காகா, படை ஆட்டத்தையும் பாத்திர ஆட்டத்தையும் ஒன்றாகக் கலந்து 'ஃபயர் எம்பளம்' கொடுத்தார். இதில் ஒரு ஆள் செத்தால் செத்ததுதான், அடுத்த சண்டைக்கு எழுந்து வர மாட்டான். எதிரிப் படையில் இருப்பவனிடம் சரியான ஆளை அனுப்பிப் பேசினால் நம் பக்கம் வந்துவிடுவான். இது ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் வாசனை என்பது என் அபிப்பிராயம். ஷோகியில் வெட்டின காயை நாம் நம் காயாக இறக்கலாம். அந்த ஷோகிக்கும் மூதாதை நம்ம சதுரங்கம்தான்.

கால்குலேட்டரிலிருந்து வந்த கருவி

கையடக்கக் கருவியின் கதையும் எனக்குப் பிடித்த கதை. நின்டெண்டோவில் குன்பேய் யோகோய் என்ற என்ஜினியர். ரயிலில் ஒரு ஆபீஸ்காரர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். 1980ல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. கால்குலேட்டருக்கு உள்ள அதே மாதிரித் திரை, விளையாட்டு மட்டும் வேறு. புதுசாக எதையும் கண்டுபிடிக்காதே, விலை இறங்கின பழைய தொழில்நுட்பத்தைப் புதுவிதமாக உபயோகி என்பது அவர் கொள்கை. 1989ல் வந்த கேம் பாய் அந்தக் கொள்கையின் குழந்தை. கலர் கிடையாது, பளபளப்பு கிடையாது. ஆனால் பேட்டரி தாங்கும், கீழே விழுந்தாலும் தாங்கும். கலர் திரையோடு வந்த போட்டிக் கருவிகள் பேட்டரியைத் தின்று தீர்த்துவிட்டுக் காணாமல் போயின.

2001ல் கேம் பாய் அட்வான்ஸ். அகலம் 240, உயரம் 160 புள்ளி உள்ள திரை, இரண்டு சின்ன பேட்டரி, அமெரிக்காவில் கிட்டத்தட்ட 100 டாலர். ஒரே குறை, திரைக்கு வெளிச்சம் இல்லை, ஜன்னலோரம் தேடி உட்கார வேண்டும். 2003ல் மடக்கி வைக்கிற 'எஸ்பி' வந்தது. முன்விளக்கு, சார்ஜ் செய்கிற பேட்டரி எல்லாம் அதில்தான்.

நம்ம ஊரில் கடைக்கடையாக இது விற்ற ஞாபகம் இல்லை. நமக்கெல்லாம் 'பிரிக் கேம்'தானே! சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார், எங்கள் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு பீமாபள்ளி, இல்லாவிட்டால் வளைகுடாவிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டி. என் எஸ்பி மூன்றாவது வழியில் வந்தது. 2004ல் துபாயிலிருந்து லீவுக்கு வந்த அத்தான், "நீ கணக்குப் போடுகவன்தானே, இதுல நிறைய கணக்கு இருக்கு" என்று கையில் வைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ், டாக்டிக்ஸ்.

எங்கள் வீடு கல்லாறு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டி பொன்முடி போகிற வழியில் இருக்கிறது. பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிப்பதற்கு முன்னால் வருகிற ஊர். வாமனபுரம் ஆற்றில் போய்ச் சேருகிற ஆறு. பேருக்கு ஏற்ற மாதிரி ஆறு முழுக்க உருண்டை உருண்டையாகக் கல். தாத்தா நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஆற்றோரம் தட்டையான பாறையில் கரிக்கட்டையால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடித்தான் வளர்ந்தோம். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடு கூட்டமாக நின்று புலியை மறிக்கும். இரண்டு பக்கமும் சமம் இல்லை, காய்களுக்கு வேலையும் ஒன்றில்லை. அத்தான் கொடுத்த பெட்டியைத் திறந்து ஆடினபோது புதுசாகக் கற்றுக்கொள்ள எனக்கு அதிகம் இருக்கவில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போன ராத்திரிகளில் வீட்டிலேயே வெளிச்சமான பொருள் அந்த எஸ்பிதான்.

சண்டை போட்டவர்கள் சேர்ந்து செய்தது

டாக்டிக்ஸ் வந்ததற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை உண்டு. ஸ்கொயர் கம்பெனி ஆரம்பத்தில் நின்டெண்டோவின் செல்லப்பிள்ளை. கார்ட்ரிட்ஜில் இடம் போதாது, சிடிதான் வேண்டும் என்று தன் ஏழாவது 'ஃபைனல் ஃபேண்டஸி'யை சோனியின் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. 1997ல் அது வெளிவந்து சக்கைப்போடு போட்டது. நின்டெண்டோவோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. 2001ல் ஸ்கொயர் எடுத்த அனிமேஷன் சினிமா பெரிய நஷ்டம். 2002ல் மறுபடி நின்டெண்டோ கதவைத் தட்டி சமாதானம். 2003 பிப்ரவரி 14ல் ஜப்பானில் டாக்டிக்ஸ் வெளியீடு. அடுத்த ஒன்றரை மாதத்தில், ஏப்ரல் 1ல், ஸ்கொயர் தன் பழைய போட்டியாளர் எனிக்ஸோடு இணைந்துவிட்டது. அந்த வருஷக் கடைசிக்குள் அமெரிக்கா, ஐரோப்பாவிலும் நின்டெண்டோவே டாக்டிக்ஸை விற்றது. வங்கி இணைப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதுசாக இருக்காது.

தயாரிப்பாளர் யசுமி மட்சுனோ. இதற்கு முன் 1995ல் இவர் செய்த 'டாக்டிக்ஸ் ஓகர்' யூகோஸ்லாவியா சிதறினதைப் பார்த்துப் பிறந்தது. அதில் ஒரு கட்டத்தில், எதிரி மேல் பழி போடுவதற்காக உன் சொந்த ஜனங்கள் இருக்கும் ஊரையே அழி என்று தலைவனிடமிருந்து உத்தரவு வரும். செய்வதா மறுப்பதா என்று ஆடுபவன்தான் முடிவெடுக்க வேண்டும், கதை அங்கே இரண்டாகப் பிரியும். ஈழத்தை அறிந்த தமிழன் அந்த இடத்தைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. அப்படிப்பட்டவர் குழந்தைகளுக்கு ஒரு கதை என்று டாக்டிக்ஸைக் கொண்டுவந்தார்.

நடுவர் வந்துவிட்டார்

செயின்ட் ஐவலிஸ் என்ற பனி பெய்யும் சின்ன ஊர். புதுசாகக் குடிவந்த பையன் மார்ஷ். தம்பி டோனெட் நோயாளி, சக்கர நாற்காலி. சிநேகிதன் மியூட், அம்மாவை இழந்தவன், பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அடி வாங்குகிறவன். அம்மா போனதிலிருந்து அவன் அப்பாவும் ஒடிந்துபோன மனிதர். சிநேகிதி ரிட்ஸ், பிறவியிலேயே வெள்ளை முடி, அதைச் சாயம் போட்டு மறைக்கிறவள். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு புத்தகத்தைத் திறக்கிறார்கள். மறுநாள் ஊரே ஒரு மாய ராஜ்யமாக மாறியிருக்கிறது.

இந்த ராஜ்யத்தில் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு நடுவர் வந்து நிற்பார். பிரஷ்ய நடுவரின் கொள்ளுப்பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்றைக்கு வாள் கூடாது", "இன்றைக்கு நெருப்பு மந்திரம் கூடாது" என்று சட்டம் இருக்கும். நாளுக்கு நாள் மாறும். மீறினால் மஞ்சள் அட்டை, அபராதம். பெரிய மீறலுக்கு சிவப்பு அட்டை, ஆள் நேராக ஜெயிலுக்கு. அந்தக் காலத்தில் இந்தச் சட்டங்களைத் திட்டாத ஆளே கிடையாது. எனக்கென்னவோ பிடித்திருந்தது. நேற்று வரை சரியாக இருந்த விண்ணப்பம் இன்று காலை வந்த சுற்றறிக்கையால் செல்லாது என்பதை கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன் நான்!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நடுவர் நிற்கிற இடத்தில் யாரும் சாவதில்லை. விழுந்தவன் அடுத்த சண்டைக்கு எழுந்து வந்துவிடுவான். 'ஜாக்ட்' என்று சில பகுதிகள் இருக்கின்றன. அங்கே சட்டமும் இல்லை, நடுவரும் இல்லை, என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் சண்டை முடியும்போது கீழே கிடப்பவன் நிரந்தரமாகப் போய்விடுவான். சட்டம் எரிச்சல்தான், ஆனால் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் அதே சட்டம்தான். குடியேறிய நாட்டில் விதிமுறைகளோடு வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஆட்கள் வித்தை கற்பது கையில் இருக்கும் ஆயுதத்திலிருந்து. ஒரு வாளைப் பிடித்துச் சில சண்டைகள் ஆடினால் அந்த வாளின் வித்தை அவனுடையதாகிவிடும். பிறகு வாளைக் கழற்றி வைத்தாலும் வித்தை போகாது. 34 வகைத் தொழில், 300 காரியங்கள், 24 பேர் வரை கூட்டம். மாசக்கணக்கில் ஆடலாம்.

மார்ஷ் நல்லவனா?

இப்போது கடைசிப் பகுதி. நேராக இங்கே வந்தவர்களுக்கும் வணக்கம்.

மாய ராஜ்யத்தில் எல்லோருக்கும் நினைத்தது கிடைத்துவிடுகிறது. மியூட் இளவரசன், செத்துப்போன அம்மா ராணியாக உயிரோடு. அவன் அப்பாவுக்கு நாட்டிலேயே பெரிய நீதிபதி பதவி. டோனெட் ஓடி ஆடுகிறான். ரிட்ஸின் முடி இயல்பாகவே சிவப்பு. மார்ஷ் ஒருவன் மட்டும், இது நிஜம் இல்லை, வீட்டுக்குப் போகணும் என்கிறான். அதற்காக அந்த உலகத்தைத் தாங்கி நிற்கும் படிகங்களை ஒவ்வொன்றாக உடைக்கிறான். ஆடுகிற நாம்தான் உடைக்கிறோம். 2003லிருந்து இன்றுவரை ஆடினவர்கள் சண்டை போடுவது இதைப் பற்றித்தான்: மார்ஷ் நாயகனா, வில்லனா?

இருபத்தைந்து வயதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொய்யை விட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறவன் நாயகன்தான். போன லீவில் கல்லாற்று வீட்டுப் பரணிலிருந்து எஸ்பியை இறக்கி, பேட்டரி மாற்றி, மகளிடம் கொடுத்தேன். 14 வயது. மஸ்கட்டில் பிறந்தவள். பத்து நாளில் பாதிக்கு மேல் ஆடிவிட்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, மார்ஷுக்கு வீடு அது. மத்தவங்களுக்கு இதுதானே வீடு? அவன் எதுக்கு எல்லாரையும் இழுக்கான்?"

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா 75 வயதில் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். நாங்கள் எப்போது திரும்பி வருவது என்று என் மனைவியும் நானும் அந்த லீவு முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். மகளுக்குப் படிப்பு, மனைவிக்கு இங்கே நல்ல வேலை, எனக்கு அம்மா. அம்மாவைக் கேட்டால் "நீ அங்கதான் இரி மக்களே, எனக்கு என்ன" என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் வேறு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் "திரும்புவதா வேண்டாமா" என்று யோசிக்கலாம். இங்கே பெரும்பாலோருக்கு விசா வேலையோடு கட்டப்பட்டது. திரும்புவது நிச்சயம், எப்போது என்பதுதான் கேள்வி. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது கதைப் புத்தகத்துக்குள் இருக்கும் மாய ராஜ்யம் இல்லையே. பள்ளிக்கூடம், சிநேகிதிகள், கடற்கரை எல்லாம் இங்கேதான். அவர்களுக்கு லீவில் வந்து போகும் கல்லாறுதான் கதைப் புத்தகம்.

அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே நானும் மறுபடி ஆடி முடித்தேன். சின்ன வயதில் கவனிக்காத ஒன்றை இப்போது பார்த்தேன். மார்ஷ் கடைசிப் படிகத்துக்கு ஒரே ஓட்டமாகப் போவதில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் நிற்கிறான். தம்பி டோனெட் அவனை எதிரிகளிடம் காட்டிக்கொடுக்கிற அளவுக்கு வெறுக்கிறான். நடக்கிற கால் உனக்கு எப்போதும் இருந்தது, உனக்கு என்ன தெரியும் என்பது அவன் கோபம். அப்போதுதான் மார்ஷ் தன் பங்கைச் சொல்கிறான். வீட்டில் அம்மாவின் கவனம் எல்லாம் தம்பியிடம் போனதும், அவன் வாய் திறக்காமல் விட்டுக்கொடுத்ததும். இரண்டு பேரும் மனதில் இருந்ததைச் சொன்ன பிறகுதான் டோனெட் சம்மதிக்கிறான். மியூட்டும் அம்மாவின் கையைத் தானாக விடும்வரை கதை முடிவதில்லை. பனி ஊருக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மார்ஷ் யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. தம்பிக்கு அங்கே சக்கர நாற்காலிதான் காத்திருக்கிறது.

மகளிடம் இதைச் சொன்னேன். "ஆனாலும் உடைச்சது அவன்தானே?" என்றாள். ஆமாம். அதையும் மறுக்க முடியவில்லை. அவள் கட்சி வலுவான கட்சி.

எங்கள் வீட்டில் இன்னும் தேதி குறிக்கவில்லை. ஆனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். மனைவி, மகள், நான், போனில் அம்மா, நாலு பேரும் அவரவர்க்கு என்ன வேண்டும், எதை விட முடியாது என்று மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பேசுவது. "உங்க இஷ்டம்", "எனக்கு என்ன" இரண்டுக்கும் தடை. அன்றைக்கு அதுதான் சட்டம். மீறினால் மஞ்சள் அட்டை, மகள் அட்டை வெட்டியே வைத்திருக்கிறாள். இதுவரை அதிக அட்டை வாங்கியது அம்மா.

கொசுறு: இதே காலத்துப் படை ஆட்டம் ஒன்று, 'அட்வான்ஸ் வார்ஸ்'. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 10ல் வந்தது. மறுநாள் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஜப்பானில் அந்த வெளியீட்டை நிறுத்தி வைத்து 2004ல்தான் விட்டார்கள். பிறகு புதுப்பித்த பதிப்பு 2022ல் வர இருந்தது. உக்ரைன் போர் வந்தது, மறுபடி நிறுத்தி 2023 ஏப்ரலில் விட்டார்கள். ஒரே பொம்மைப் போரை இரண்டு நிஜப் போர்கள் தள்ளிப்போட்டிருக்கின்றன.

பழைய எஸ்பி வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து மாற்றுங்கள், கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.